ஆம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்

கிட்டாரின் ஒலியை மாற்றுகிற பல பெடல்களை ஒன்றாக அடக்கியது மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டி. அதைப் புதிதாக வாங்குகிறவர்கள் முதல் வேலையாக, பெயர்பெற்ற கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களை நகலெடுத்துத் தருகிற ஆம்ப் பட்டியலைத்தான் திறக்கிறார்கள். மார்ஷலா, ஃபெண்டரா, மேசாவா என்று ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்கிறார்கள். பிடித்ததற்கு முன்னால் ஒலியை உடைத்துக் கரகரப்பாக்கும் ஒரு டிஸ்டார்ஷன், பின்னால் ஒலியைத் திரும்பச் சொல்லும் ஒரு டிலே, எல்லாவற்றுக்கும் மேலே தாராளமாக ரிவெர்ப், அதாவது அறையின் முழக்கம். ராத்திரி பதினோரு மணிக்கு ஹெட்ஃபோனில் கேட்டால் உலகமே நம்முடையதாக இருக்கும். மறுநாள் கல்யாண மண்டபத்தில் இப்படிச் சேமித்து வைத்த அந்த அமைப்பை, அதாவது பேட்சை, அப்படியே போட்டால், கிட்டார் எங்கே என்று மணமகளின் மாமா வந்து கேட்பார்.

ரங்கூனில் கல்யாணம், ஆலய ஆராதனை, கோயில் திருவிழாக் கச்சேரி என்று தமிழ்ப் பாட்டுக்குக் கிட்டார் வாசிக்கிற எங்கள் கூட்டம் ஒன்றும் பெரிதில்லை. எல்லாரும் எல்லாரையும் அறிவோம். புதிதாகப் பெடல் வாங்குகிற தம்பிகள் என்னிடம் கேட்பதும் ஒரே கேள்விதான்: "அண்ணே, எந்த ஆம்ப் வச்சிருக்கீங்க?" ஆம்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பேன். சத்தம் எந்த இடத்தில் வெளியே வருகிறதோ அங்கே ஆரம்பித்து, பின்னோக்கி நடந்து, கிட்டாரில் வந்து முடிக்க வேண்டும். பெட்டியின் திரையில் கட்டங்கள் இடமிருந்து வலமாக ஓடும். நாம் வலமிருந்து இடமாகப் போக வேண்டும். கேட்கிறவர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். ஆனாலும் நான் சொல்வது அதைத்தான்.

காரணம் எளிது. எலக்ட்ரிக் கிட்டாரின் ஒலி என்று நாம் காலம்காலமாகக் கேட்டுப் பழகியதில் பாதி, ஆம்பின் ஸ்பீக்கருடைய வேலை. செலஷன் நிறுவனத்தின் வின்டேஜ் 30, கிரீன்பேக் போன்ற 12 அங்குல கிட்டார் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸில் தொடங்கி 5 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேலே சரிவுதான். டிஸ்டார்ஷன் உண்டாக்குகிற கீச்சு, இரைச்சல், மணல் தேய்க்கிற சத்தம் எல்லாம் இருப்பது அந்த 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே. ஸ்பீக்கர் அவற்றை நமக்குக் காட்டாமலே விழுங்கிவிடும். கல்யாண மண்டபத்து சவுண்ட் பாக்ஸ் அப்படியில்லை. பாடகர் குரலின் மூச்சுக்காற்றுகூடத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்று செய்தது அது. மேலே ஹாரன் வைத்து 16, 18 கிலோஹெர்ட்ஸ் வரை பாடும். கிட்டார் ஸ்பீக்கரைப் போல மேல் ஒலியை வெட்டுகிற ஸ்பீக்கர் சிமுலேஷன் இல்லாமல் டிஸ்டார்ஷனை நேராக அதில் விட்டால் குளவிக் கூட்டில் கல்லெறிந்த மாதிரி இருக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஆம்ப் மாடலாக இருந்தாலும் அதே கதிதான்.

ஆகவே பெட்டியைத் திறந்ததும் போக வேண்டிய இடம் அவுட்புட் அமைப்பு. என்னிடம் இருப்பது கைமாறி வந்த பாஸ் ஜிடி-1. 2016இல் வந்த மாடல், இன்றைக்குப் பழசு. அதன் சிஸ்டம் மெனுவில் அவுட்புட் செலக்ட் என்று ஒன்று உண்டு. ஜேசி-120, ஸ்மால் ஆம்ப், காம்போ ஆம்ப், ஸ்டேக் ஆம்ப் என்று வரிசையாகப் போய்க் கடைசியில் லைன்/ஃபோன்ஸ் என்று முடியும். நீங்கள் பெட்டியை எதில் செருகுகிறீர்கள் என்று அது கேட்கிறது, அவ்வளவுதான். மிக்சரிலோ ஹெட்ஃபோனிலோ செருகினால் லைன்/ஃபோன்ஸ். உண்மையான கிட்டார் ஆம்பில் செருகினால் அந்த வகை ஆம்ப். இதைத் தவறாக வைத்துவிட்டு, பேட்சை மணிக்கணக்காகத் திருகுகிறவர்கள் ஏராளம். மிக்சருக்குப் போகும்போது ஸ்டேக் ஆம்ப் என்று இருந்தால் குளவி. ஆம்புக்குப் போகும்போது லைன் என்று இருந்தால் ஸ்பீக்கர் மேல் ஸ்பீக்கர் ஏறி, அட்டைப்பெட்டிக்குள்ளிருந்து வருகிற சத்தம். வேறு கம்பெனிப் பெட்டிகளில் இதே விஷயம் கேப் (ஸ்பீக்கர் பெட்டி) ஆன், கேப் ஆஃப் என்றோ, ஐஆர் என்றோ இருக்கும்.

ஐஆர் பற்றி ஒரு வார்த்தை. ஒரு ஸ்பீக்கர், அதன் முன்னால் ஒரு மைக், சில சமயம் அந்த அறை, மூன்றும் சேர்ந்து ஒலியை எப்படி மாற்றுகின்றன என்பதை அளந்து சின்னக் கோப்பாக வைத்திருப்பதுதான் ஐஆர். என் பெட்டியில் வெளியிலிருந்து அதை ஏற்ற வழியில்லை. ஏற்ற முடிகிற பெட்டி வைத்திருப்பவர்கள் நூற்றுக்கணக்கில் இறக்கி வைத்துக்கொண்டு, எதைப் போடுவது என்று தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். இரண்டு போதும்: கொஞ்சம் இருட்டாக ஒன்று, கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று.

அவுட்புட் சரியானதும் அடுத்து இரண்டு வெட்டு. ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் பாராமெட்ரிக் ஈக்யூவில், கீழ் ஒலியை வெட்ட லோ கட், மேல் ஒலியை வெட்ட ஹை கட் என்று இரண்டு திருகாணிகள் உண்டு. லோ கட்டை 100 ஹெர்ட்ஸிலும் ஹை கட்டை 6.3 கிலோஹெர்ட்ஸிலும் வைத்துவிட்டு அப்புறம் கேளுங்கள். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் ஈ தந்தி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். 100க்குக் கீழே பேஸ் வாசிப்பவரும் டிரம்ஸும் ஆக்டபேடும் (மின் தாளப் பலகை) இருக்கிறார்கள். அங்கே கிட்டாருக்கு இடமில்லை, இருந்தாலும் யாருக்கும் பயனில்லை. தனியாகக் கேட்கும்போது அந்த அடித்தளம் போனது போலத் தோன்றும். குழுவோடு சேர்ந்ததும் பேஸ் கிட்டாரே நமக்கு அடித்தளமாக வந்துவிடும். ஹை கட் விஷயம் மண்டபத்தைப் பொறுத்தது. சிமெண்ட் சுவர், ஓட்டுக்கூரை, திறந்த ஜன்னல் என்றால் 5க்கே இறக்குவேன். திரைச்சீலையும் மெத்தை நாற்காலியும் போட்ட ஹோட்டல் ஹால் என்றால் 8 வரை விடலாம்.

அப்புறம் சத்த அளவு. இதைப் பற்றிப் பேசாமல் பேட்ச் போடுவதைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை.

பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933இலேயே ஒன்றை அளந்து சொன்னார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது நம் காதுக்குக் கீழ் ஒலியும் மேல் ஒலியும் சரியாக எட்டாது, நடு ஒலி மட்டும் எட்டும். சத்தம் கூடக் கூட மூன்றும் ஏறக்குறைய சமமாகிவிடும். ரங்கூன் வீட்டில் இதன் பலன் என்ன? டவுன்டவுன் பக்கத்து அடுக்குமாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பன்னிரண்டரை அடி அகலம், ஐம்பது அடி நீளம். ஒரு வீட்டுக்காரர் தும்மினால் அடுத்த வீட்டில் ஆசீர்வதிப்பார்கள். அங்கே உட்கார்ந்து முணுமுணுப்புச் சத்தத்தில் பேட்ச் போடுகிறவர் என்ன செய்வார்? பேஸ் போதவில்லை என்று ஏற்றுவார். ட்ரெபிள் மங்கலாக இருக்கிறது என்று ஏற்றுவார். மிட் மட்டும் மூக்கடைத்த மாதிரி துருத்திக்கொண்டு தெரியும், அதை இறக்குவார். இப்போது கேட்க அருமையாக இருக்கும். அதையே மேடையில் பத்து மடங்கு சத்தத்தில் விடும்போது பேஸ் குமுறும், ட்ரெபிள் காதைக் கிழிக்கும், பாட்டுக்கு வேண்டிய மிட் இருக்காது. கிட்டாரை அடையாளம் காட்டுவதே மிட்தான்: 400 ஹெர்ட்ஸிலிருந்து 2 கிலோஹெர்ட்ஸ் வரை. வீட்டில் இறக்கி வைத்ததும் அதைத்தான்.

வீட்டில் சத்தமாக வைக்க முடியாது என்றால் என்ன வழி? ஒரே பேட்சை இரண்டாகச் சேமியுங்கள், வீட்டுக்கு ஒன்று, மேடைக்கு ஒன்று. மேடைப் பேட்சை வீட்டில் கேட்டால் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்க வேண்டும்: மிட் தூக்கலாக, பேஸ் மெலிந்து, ரிவெர்ப் இல்லாமல் மொட்டையாக. அப்படி இருந்தால் நீங்கள் சரியான பாதையில்தான் போகிறீர்கள். ஆலயத்திலோ மண்டபத்திலோ மற்றவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் போய், உண்மையான சத்தத்தில் ஒருதடவை கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். அந்த அரை மணியில் கிடைக்கும் தெளிவு வீட்டில் ஒரு மாதம் உட்கார்ந்தாலும் வராது.

போன வருஷக் கடைசியில் ஒரு கல்யாண வரவேற்புக்கு எங்களோடு ஒரு தம்பி வந்தான். கல்லூரிப் பையன், விரல் நல்ல வேகம். புதிதாக வந்த சீனப் பெட்டி ஒன்றை வைத்திருந்தான். இங்கே சீனச் சாமான் தாராளமாகக் கிடைக்கும். விலையும் கட்டுப்படியாகும், பெட்டிகளும் இப்போது மோசமில்லை. பேட்சை யாரோ போட்டதை நெட்டிலிருந்து இறக்கியிருந்தான். முதல் பாட்டின் இடையிசை வந்தது. அவன் விரல் ஓடுகிறது, கண்ணால் பார்க்கிறேன். காதில் கீபோர்டும் தோலக்கும்தான்.

"அண்ணே, வீட்டுல மலை மாதிரி இருந்துச்சு. இங்க ஆளையே காணோம்."

"கெய்ன் எவ்வளவுடா?" டிஸ்டார்ஷனின் அளவைத்தான் கேட்டேன்.

"எண்பத்தஞ்சு."

"நாப்பத்தஞ்சுக்கு இறக்கு. ரிவெர்ப்ப மொத்தமா நிறுத்து."

"நிறுத்துனா செத்துப்போயிடும்ணே."

"மண்டபத்துக்குக் கூரை எவ்வளவு உயரம் பாரு. ரிவெர்ப் அதுவே குடுக்கும்."

மனசில்லாமல் இறக்கினான். மிட்டை 35இலிருந்து 62க்கு ஏற்றச் சொன்னேன், முகம் கோணியது. பிறகு கீபோர்டு வாசிக்கிறவரிடம் போய், "அண்ணே, இடையிசை வரும்போது இடது கையை மட்டும் கொஞ்சம் எடுத்துக்குங்க" என்று கேட்டுக்கொண்டேன். 200, 300 ஹெர்ட்ஸில் கீபோர்டின் இடது கையும் டிஸ்டார்ஷன் கிட்டாரும் முட்டிக்கொண்டால் இரண்டுமே கூழாகிவிடும். எந்தப் பெடலாலும் தீராத சண்டை அது, வாய்ப்பேச்சில்தான் தீரும். மிக்சரில் இருந்த பர்மியரை நாங்கள் சயா (வாத்தியார்) என்றுதான் கூப்பிடுவோம். அவர் எதையும் தொடவில்லை. இரண்டாவது பாட்டின் இடையிசையில் அவராகவே தலையை நிமிர்த்தி மேடையைப் பார்த்தார். கிட்டார் முன்னால் வந்து நின்றிருந்தது. வால்யூம் ஏற்றப்படவே இல்லை.

கெய்ன் விஷயத்தில் ஒருவருக்கும் சொன்னது ஏறாது, கேட்டால்தான் ஏறும். டிஸ்டார்ஷன் கூடினால் ஒலி அமுங்கிச் சமதளமாகும். தந்தியைத் தொடும் முதல் தட்டல், அந்த டக், மறைந்துபோகும். கூட்டத்தில் ஒரு வாத்தியத்தை நம் காது பிரித்தறிவது அந்த டக்கை வைத்துத்தான். இங்கே கிட்டார் பிடிக்கிற பையன்கள், தமிழனோ பர்மியனோ, பர்மிய ராக் குழுவான அயர்ன் கிராஸின் சித் சன் மவுங் மாதிரி லீட் வாசிக்க ஆசைப்படாதவர்கள் குறைவு. ஆசை நியாயமானது. பர்மாவில் வெளிநாட்டு மெட்டுக்குப் பர்மிய வரி போட்டுப் பாடுகிற காப்பிப் பாட்டு பல பத்தாண்டுகளாக ஓடியது. இங்கத்திய வாத்தியக்காரர்களுக்கு ஒரு ஒலியைக் கேட்டு அப்படியே பிடிக்கிற காது அதனாலேயே வளர்ந்தது என்பது என் எண்ணம். ஆனால் அந்த லீட் ஒலிகளை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். நினைப்பதைவிடக் கெய்ன் குறைவு. கனம் வருவது விரலிலிருந்தும் மிட்டிலிருந்தும்.

கனம் வேண்டும், தெளிவும் வேண்டும் என்றால் பழைய உத்தி ஒன்று இருக்கிறது. ஐபனேஸின் டியூப் ஸ்க்ரீமர் என்ற பச்சைப் பெடலின் மாடல் எல்லாப் பெட்டியிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். அதை டிஸ்டார்ஷனாகப் பயன்படுத்தாதீர்கள். டிரைவைப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் வைத்து, லெவலை நன்றாக ஏற்றி, ஏற்கெனவே கொஞ்சம் உடைகிற ஆம்புக்கு முன்னால் போடுங்கள். அந்தச் சர்க்யூட் 700 ஹெர்ட்ஸ் பக்கத்தில் மேடு தட்டி, அதற்குக் கீழே படிப்படியாக இறங்கும். அதாவது ஆம்பைக் குழப்புகிற பேஸை வாசலிலேயே வடிகட்டி, மிட்டை மட்டும் உள்ளே தள்ளுகிறது. ஆம்பின் கெய்னைப் பாதியாக்கிவிட்டு இதைப் போட்டால், தந்திகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். சோலோவுக்கும் இதுவே போதும். மேலே 3, 4 டெசிபல் லெவல் கூட்டினால் எல்லார் தலைக்கு மேலும் கேட்கும்.

ஆம்ப் எது என்று இப்போது பார்க்கலாம். பார்த்தீர்களா, இவ்வளவு தூரம் வந்த பிறகு அது எவ்வளவு சின்ன விஷயமாகிவிட்டது! மென்மையான கார்டு வாசிக்க ஃபெண்டர் வகை, அழுத்தி வாசித்தால் மட்டும் உடைகிற வாக்ஸ் வகை, ராக் வாசிக்க மார்ஷல் வகை. மெட்டல் வாசிக்காதவர்களுக்கு இந்த மூன்றுக்கு மேல் எதற்கு? ரோலண்ட் நிறுவனம் 1995இல் விஜி-8 என்ற பெட்டியோடு, ஆம்பின் ஒலியைக் கணக்கிட்டு நகலெடுக்கிற காஸ்ம் மாடலிங்கைக் கொண்டுவந்தது. 1998இல் லைன் 6இன் பாட் வந்தது, அந்தச் சிவப்புச் சிறுநீரக வடிவம். 2006இல் ஃபிராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் கெம்பர். ஒவ்வொன்றும் முந்தையதைவிட உண்மையான ஆம்புக்கு நெருக்கமாகப் போனது. எந்தச் சந்தேகமும் இல்லை. ஆனால் ஆம்புக்கு ஆம்ப் இருக்கிற அந்த நுண்ணிய வித்தியாசம் தோலக்கும் ஆக்டபேடும் குழந்தைகள் சத்தமும் கலந்த மண்டபத்தில் மூன்றாவது வரிசையைத் தாண்டிப் போவதில்லை. லோ கட்டை 100இலிருந்து 140க்கு நகர்த்துவது கடைசி வரிசை வரை போகிறது.

டிலேயைப் பற்றிப் பலரும் பயப்படுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, வகுத்தல் தெரிந்தால் போதும். 60,000ஐப் பாட்டின் வேகத்தால் வகுத்தால் ஒரு தாளத்துக்கு எத்தனை மில்லிசெகண்ட் என்று வரும். நிமிஷத்துக்கு 120 தட்டு என்றால் 500. அதில் முக்கால் பங்கு 375. பல ராக் பாட்டுகளில் கேட்கிற அந்தத் துள்ளல் டிலே அதுதான். வேகம் 100 என்றால் 600, முக்கால் பங்கு 450. தட்டி வேகம் சொல்கிற டேப் (tap) பொத்தான் இருந்தால் காலால் தாளம் போட்டாலே போதும். நம் பாட்டுக் கச்சேரியில் வேகம் நடுவில் ஏறும் இறங்கும், தோலக்காரரின் மனசைப் பொறுத்தது. ஆகவே டிலேயின் மிக்ஸைக் கேட்டும் கேட்காததுமாக வையுங்கள். தாளம் விலகினாலும் யாருக்கும் தெரியாது. இன்னொன்று: கம்பெனி போட்டுத் தருகிற பேட்சுகளில் டிலேயும் ரிவெர்பும் இடமும் வலமுமாக ஆடும். மண்டபத்து சவுண்ட் பாக்ஸ் பெரும்பாலும் மோனோ. இடம், வலம் இரண்டையும் ஒரே சேனலில் கலக்கும்போது ஒலியை அலையாட வைக்கும் சில கோரஸ் வகைகள் ஒன்றையொன்று தின்று ஒலி வற்றிப்போகும். எல்/மோனோ என்று எழுதியிருக்கிற ஒற்றை ஓட்டையில் மட்டும் கேபிளைச் செருகி, வீட்டிலும் அப்படியே கேட்டுப் பழகுங்கள்.

இனி கரண்டு. ரங்கூனில் பெடல் வாசிக்கிறவர் இதைத் தனியாகப் படித்தே ஆக வேண்டும்.

இங்கே மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், வரும்போது. தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்பில் ஒற்றைச் சுருள் மட்டும் (சிங்கிள் காயில்) இருக்கிற கிட்டார் அந்த 50ஐயும் அதன் மடங்குகளையும் காற்றிலிருந்தே பிடித்து ம்ம்ம் என்று முனகும். இரண்டு காயிலை எதிரும் புதிருமாகச் சுற்றி முனகலைத் தானே அடித்துக்கொள்ளச் செய்த ஹம்பக்கரை கிப்சன் நிறுவனத்துக்காக சேத் லவர் 1955இல் உருவாக்கினார். அவருக்கு ரங்கூன் கிட்டார்காரர்கள் ஒரு மாலை போடலாம். ஆனால் ஹம்பக்கரும் காப்பாற்றாத ஒன்று மலிவான இன்வெர்ட்டர். கரண்டு போனதும் பேட்டரியிலிருந்து 230 வோல்ட் தருகிற அந்தப் பெட்டிகளில் விலை குறைந்தவை தருவது வழவழப்பான அலை இல்லை, படிக்கட்டு அலை. ஒவ்வொரு படியின் விளிம்பும் ஒரு ஸ்ஸ்ர்ர். பெடலின் அடாப்டர் வழியாக அது உள்ளே ஏறும். டிஸ்டார்ஷன் அதைப் பெரிதாக்கும். பிறகு இரைச்சலை அடக்கும் நாய்ஸ் சப்ரஸரை ஏற்றுவார்கள். அது இரைச்சலோடு சேர்த்து நீண்டு ஒலிக்க வேண்டிய சுரத்தின் வாலையும் வெட்டிவிடும். லீட் முடிகிற இடமெல்லாம் கதவைச் சாத்தியது போல நிற்கும். சுவர் ஓட்டையில் எர்த் கம்பி இல்லாத இரண்டு பின் இணைப்புகள் வேறு. கிட்டாரைத் தொட்டால் இரைச்சல் குறைகிறது, விட்டால் ஏறுகிறது என்றால் பிரச்சினை பேட்சில் இல்லை, எர்த்திலோ கிட்டாரின் ஒயரிங்கிலோ தேட வேண்டும்.

நான் செய்வது இதுதான்: அடாப்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு, பேட்டரியில் ஓட்டுகிறேன். ஜிடி-1க்கு நான்கு ஏஏ பேட்டரி போதும். அல்கலைனாக இருந்தால் சுமார் 7 மணி நேரம் ஓடும். ஸூம் ஜி1எக்ஸ் ஃபோரும் நான்கு ஏஏயில் ஓடக்கூடியதே, யூஎஸ்பி வழியாகவும் அதற்குச் சக்தி கொடுக்கலாம். சுவரோடு தொடர்பே இல்லாததால் கிரவுண்ட் லூப், அதாவது எர்த் இணைப்புகள் வளையமாகிக் கிளப்பும் முனகல், பாதி தீர்ந்துவிடும். மிச்சத்துக்கு, பெட்டிக்கும் மிக்சருக்கும் நடுவில் போடுகிற ஒரு டிஐ பெட்டி, அதில் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச். பெரிய ஃப்ளோர்போர்டு வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் எங்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறார்கள். ஆராதனைக்கு நடுவில் கரண்டு போய், கீபோர்டும் மிக்சரும் அணைந்து, ஜன்னலுக்கு வெளியே தெருப் பிள்ளைகள் "மீ லா பீ!" (கரண்டு வந்தாச்சு!) என்று கத்துகிற வரை காத்திருந்து, மறுபடி எல்லாரும் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருக்கும்போது, என் பெட்டியில் மட்டும் போட்ட பேட்ச் போட்டபடியே இருக்கும்.

நாய்ஸ் சப்ரஸரை எவ்வளவு வைப்பது? கிட்டாரின் வால்யூமை முழுதாகத் திறந்து, தந்திகளை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, இரைச்சல் மறைகிற புள்ளி வரை மட்டும் ஏற்றுங்கள். அதற்கு மேல் ஒரு எண்கூட வேண்டாம். கிளீன் பேட்சில் அதைப் போடவே வேண்டாம்.

பேட்சுக்குப் பேட்ச் சத்த அளவு சமமாக இருப்பது பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. கேட்கிறவர்களுக்கு எரிச்சலூட்டுவதோ அதுதான். கிளீனில் இதமாகக் கேட்டுக்கொண்டிருந்தவர் மீது டிஸ்டார்ஷன் வந்து விழக்கூடாது. லீடுக்குப் போகும்போது கிட்டார் பின்வாங்கவும் கூடாது. திரையில் தெரிகிற மீட்டரை நம்பாதீர்கள். கிளீன் ஒலியின் உச்சி உயரமாகவும் சராசரி தாழ்வாகவும் இருக்கும். டிஸ்டார்ஷனில் உச்சியும் சராசரியும் ஒட்டிக்கொண்டிருக்கும். மீட்டரில் சமமாக இருப்பவை காதில் சமமாக இருக்காது. கிளீன் பேட்சை வைத்து ஒரு பாட்டுக்குத் தாளக் கார்டு வாசியுங்கள், அப்படியே மற்றதுக்கு மாறி அதே கார்டை வாசியுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. இரண்டும் ஒரே ஆள் வாசிப்பதாகத் தோன்றினால் சரி.

கிட்டார் வரைக்கும் வந்துவிட்டோம். அங்கே இருக்கிற வால்யூம் திருகாணி உங்கள் முதல் பெடல். ஆம்ப் பாதி உடைகிற மாதிரி வைத்திருந்தால், அதை 10இலிருந்து 6க்கு இறக்கினால் கிளீன், மறுபடி ஏற்றினால் கிரஞ்ச். காலால் எதையும் மிதிக்க வேண்டியதில்லை. பெடலை மாற்றுகிற ஆசை வரும்போதெல்லாம் தந்தியை மாற்றிப் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே காற்றே தண்ணீராக இருக்கும். மே முதல் அக்டோபர் வரை தந்தி சீக்கிரம் துருப்பிடித்து மேல் ஒலியை இழந்துவிடும், திருகாணிகள் கரகரக்கும். இல்லாத ட்ரெபிளை ஈக்யூவில் ஏற்றினால் இரைச்சல்தான் ஏறும். கான்டாக்ட் கிளீனர் ஒரு டப்பாவும் ஒரு செட் தந்தியும் பையில் இருந்தால், அது உயர்ந்த ஆம்ப் மாடல் ஒன்றைவிட மேல்.

வருகிற மாதம் ரங்கூனுக்கு ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற தன்லின் பக்கம் ஒரு கோயில் திருவிழாவில் திறந்தவெளி மேடை. மண்டபத்துக்கு நான் இதுவரை சொன்னதில் பாதி அங்கே தலைகீழாகும். சுவரும் கூரையும் இல்லாததால் எதிரொலி இல்லை. ரிவெர்ப்பை நாமே கொடுக்க வேண்டும். பேஸும் காற்றோடு கரைந்துவிடும். லோ கட்டை 80க்கு இறக்கி, ஹை கட்டைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஒரு தனி பேங்க் (பேட்சுகளின் தொகுப்பு) போட்டு வைத்திருக்கிறேன். கரண்டு முழுக்க ஜெனரேட்டரில்தானாம். அதை மேடைக்குப் பின்னால் எவ்வளவு தள்ளி வைப்பார்கள் என்று கமிட்டிக்காரரிடம் கேட்டிருக்கிறேன். பந்தல் போடுகிறவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.